போ என்றும் வா என்றும் சொன்ன வாய்

அம்மா வருவதற்கு முன்னால் அவள் வாயின் வாசனை வரும். வெற்றிலையும் சுண்ணாம்பும் பன்னீர்ப் புகையிலையும் சேர்ந்து ஊறிய, கொஞ்சம் இனிப்பும் நிறையக் காரமுமான அந்த வாடை வாசற்படியைத் தாண்டி உள்ளே நுழைந்ததுமே, அடுத்து ஒரு வசவு வரப்போகிறது என்று எனக்கும் என் அக்காவுக்கும் தெரிந்துவிடும். சட்டென்று கையில் கிடைத்த வேலையைப் பிடித்துக்கொள்வோம். துடைப்பமோ முறமோ எதுவும் அகப்படவில்லை என்றால் வெறும் தரையையாவது கையால் கூட்டிக்கொண்டிருப்போம்.

கவரைப்பேட்டையிலிருந்து ஆரணிக்குப் போகிற பக்கம், ரயில் பாதையை ஒட்டியிருந்த காலனி எங்களுடையது. நிலம் எல்லாம் ஊர்க்காரர்களுடையது, கை மட்டும் எங்களுடையது. அம்மா பேர் முனியம்மா. நடவுக்குப் பெண்களைச் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகிறவள் அவள்தான். நைனா, அதாவது என் தகப்பனார், சூளையில் செங்கல் அறுப்பவர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர். அவர் பேசாமல் மிச்சம் வைத்ததை எல்லாம் சேர்த்து அம்மா பேசினாள் என்று காலனியில் சிரிப்பார்கள். என் பேர் சின்னப்பொண்ணு. எழுபதைத் தாண்டிய பிறகும் அதுதான் என் பேர். எழுத்துக் கூட்டி எழுதத் தெரிந்தவள் நான்; இதில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம், திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை இல்லை.

அம்மாவின் வசவுகளுக்கு எல்லாம் ஒரே வால்தான் இருந்தது. "ஒழிஞ்சி போ", "நாசமா போ", "எங்கனா போய்த் தொல" என்று எல்லாமே 'போ'வில்தான் முடியும். நாற்று முடியைத் தாமதமாகக் கொண்டுவந்தவளுக்கும் அதுதான், பாலைக் குடித்துவிட்ட பூனைக்கும் அதுதான். நாங்கள் அதை மழையைப் போல எடுத்துக்கொண்டோம். பெய்யும், நனைவோம், காய்ந்துவிடும்.

என் அக்கா பூங்காவனம் வயதுக்கு வந்து ஒரு வருஷம் இருக்கும். மத்தியானம் நடவுப் பெண்களுக்குக் கூழ் கொண்டுபோவது அவள் வேலை, வெங்காயமும் மிளகாயும் மடியில் கட்டிக்கொண்டு பின்னாலேயே போவது என் வேலை. அன்றைக்கு முந்தின நாள் மழையில் வரப்பு வழுக்கலாக இருந்தது. அக்காவுக்குக் கால் சறுக்கியது, பானை உருண்டது, கூழ் முழுவதும் நட்ட பயிருக்குள் போய்விட்டது. நிலக்காரரின் ஆள் ஒருவர் வரப்பில் குடை பிடித்து நின்றுகொண்டிருந்தார். "இன்னா முனியம்மா, இன்னைக்கு நாத்துக்கு நாஷ்டாவா?" என்று அவர் கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பசியோடு சிரித்த சிரிப்பு அது. அம்மா சேற்றிலிருந்து நிமிர்ந்தாள்.

"எங்கனா போய்த் தொல! இனிமே என் கண்ணு முன்னால இந்த மூஞ்சிய காட்டாத!"

எத்தனையோ முறை கேட்டதுதான். ஆனால் அக்கா அன்றைக்கு எப்போதும்போல உதட்டைச் சுழிக்கவில்லை. வாய்க்காலில் குனிந்து கையைக் கழுவினாள், பானையைக் கழுவி வரப்பில் கவிழ்த்து வைத்தாள், பாவாடையில் ஒட்டியிருந்த சேற்றை வழித்துவிட்டு, "நான் போறேன்மா" என்றாள்.

எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கடைக்குப் போனாலும் கடல் தாண்டிப் போனாலும் 'போய்ட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். வெறும் 'போறேன்' என்பது திரும்பி வராதவர்கள் சொல்வது. பக்கத்து ஊட்டுச் செங்கேணி நாற்றைக் கையில் பிடித்தபடியே, "இன்னாடி பூங்காவனம், போறேன்ற? போய்ட்டு வரேன்னு சொல்லுடி" என்று கத்தினாள். அம்மா மறுபடியும் குனிந்துவிட்டாள். குனிந்தபடியே, "போறவள போவ வுடு" என்றாள்.

அக்கா வரப்போடு ரயில் பாதையைப் பார்த்து நடந்தாள். நான் மிளகாயை மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்னலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் பாதையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியதைப் பார்த்தேன். அதற்குள் ஒரு 'கூட்ஸ் வண்டி' வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் ஓடத் தொடங்கியது. பெட்டி பெட்டியாக, முடியவே முடியாததுபோல ஓடியது. கடைசிப் பெட்டி போன பிறகு அந்தப் பக்கத்தில் ஈச்சம் புதர்கள் இருந்தன, வெயில் இருந்தது, அக்கா இல்லை.

அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

கிணறுகளில் இறங்கிப் பார்த்தார்கள், பாதையோரம் முழுக்க நடந்து பார்த்தார்கள், ஸ்டேஷனில் கேட்டார்கள். நைனா வடக்கே கூடூர் வரைக்கும், தெற்கே வண்ணாரப்பேட்டை வரைக்கும் போய்த் தேடிவிட்டு, தாடியோடு திரும்பி வந்து மறுபடியும் செங்கல் அறுக்கப் போனார். செத்ததற்கும் தடயம் இல்லை, இருப்பதற்கும் தடயம் இல்லை.

அதற்குப் பிறகுதான் அம்மாவுக்குக் 'கருநாக்கு' என்று காலனியில் பேச்சு வந்தது. கருநாக்கு உள்ளவர்கள் கெட்டது சொன்னால் பலித்துவிடும் என்பார்கள். அதே வசவை அத்தனை வருஷம் வாங்கிக்கொண்டு சிரித்த பெண்கள், இப்போது அம்மா தெருவில் வந்தால் பிள்ளைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள். "அவ வாய்ல வுழுந்துடாதடி" என்று செங்கேணி தன் மகளிடம் சொன்னதை நானே கேட்டேன். நடவுக்குக் கூப்பிடுவதும் நின்றது. கூப்பிட்டாலும் அம்மா போயிருக்க மாட்டாள், ஏனென்றால் அவள் பேச்சையே நிறுத்திவிட்டிருந்தாள். வசவு நின்றதோடு வார்த்தையும் நின்றது. புகையிலை மட்டும் கூடியது. சோறு வேண்டுமா என்பதற்குக் கூடத் தட்டைத் தள்ளித்தான் கேட்பாள். ஒவ்வொரு ரயில் ஊதும்போதும் அவள் மெல்லுவதை நிறுத்துவாள். ஊதல் முடிந்ததும் மறுபடி மெல்லுவாள். அந்த ஊதல் அவளுக்கு என்னவாகக் கேட்டது என்று எனக்குத் தெரியும். எனக்கும் அப்படித்தான் கேட்டது. 'போ' என்று நீட்டிச் சொல்வதைப் போல.

நான் அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். தினமும் காலையில் சிலேட்டை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, "அம்மா, போய்ட்டு வரேன்" என்பேன். பதிலுக்கு அவள் 'போய்ட்டு வா' என்று சொல்ல வேண்டும், எல்லா அம்மாக்களும் சொல்வதைப் போல. அவள் சொல்ல மாட்டாள். அவள் அதைச் சொல்லாமல் நான் கிளம்பிவிட்டால் நானும் அக்காவைப் போல ஏதோ ஒரு வண்டிக்கு அந்தப் பக்கம் காணாமல் போய்விடுவேன் என்று எனக்குப் பயம். நின்று நின்று பார்ப்பேன். மணி அடித்துவிடும். அழுதுகொண்டே ஓடுவேன். அந்த ஒரு வார்த்தைக்காக நான் காத்திருந்ததைப் போல வாழ்க்கையில் வேறு எதற்கும் காத்திருந்ததில்லை, கலியாணத்துக்குக் கூட.

காலனிக் கோடியில் அப்போது ஓலை போட்ட ஜெப வீடு ஒன்று புதிதாக வந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்ட உபதேசியாரும் அவர் மனைவியும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். உபதேசியாரம்மா பேசுவது எங்களுக்குப் பாட்டுப் பாடுவதைப் போல இருக்கும். அந்த அம்மாள் எங்கள் வீட்டுக்கு வரும்போது பிரசங்கம் எதுவும் கொண்டுவரவில்லை, ஒரு கட்டு முருங்கைக்கீரை கொண்டுவந்தாள். அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து பாதியை அவள் பக்கம் தள்ளினாள். இருவரும் பேசாமல் கீரை உருவினார்கள். மறுநாளும் வந்தாள். பல நாள் வந்தாள். நாங்கள் கீரைக் குழம்பு தின்று அலுத்துப்போன பிறகு, ஒரு நாள் அம்மா தானாக வாயைத் திறந்தாள். எத்தனையோ நாள் கழித்து அந்தக் குரலைக் கேட்டு நான் அடுப்பங்கரையிலேயே உறைந்துபோனேன்.

"உனுக்கு பயமா இல்லியா? நான் சொன்னா பலிக்கும்னு சொல்றாங்க."

உபதேசியாரம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பலிக்கும்னா நல்லதச் சொல்ல வேண்டியதுதானக்கா. நாக்கு என்ன உங்க வீட்டுல செஞ்சதா? ஆண்டவரு குடுத்தது. குடுத்தவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாருங்களேன், அத வச்சு என்ன செய்யன்னு."

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஜெப வீட்டின் கடைசியில், கதவோரமாகப் போய் உட்கார்ந்தாள். செங்கேணி வகையறா எல்லாம் வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள். உபதேசியார், மனசில் இருப்பதை அவரவர் வாய்விட்டுக் கேளுங்கள் என்றார். எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபித்தார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவில் அம்மாவின் குரல் எழுந்தது. ஒரே வார்த்தைதான் வந்தது. "வா... வா... வா..." மார்பில் அடித்துக்கொண்டு, ஓலைக் கூரை அதிர, "வா, வா" என்று கத்தினாள். முன்வரிசைக்காரர்கள் புல்லரித்துப் போனார்கள். முனியம்மா ஆண்டவரை அழைக்கிறாள் என்று நினைத்து, "வாரும் ஆண்டவரே, வாரும்" என்று அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். உபதேசியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு 'ஆமென்' என்றார்.

அவள் யாரை அழைத்தாள் என்று எனக்குத் தெரியும். இப்போது நினைத்தால், இரண்டும் ஒரே அழைப்பாக இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. அன்றைக்கு நான் ரயில் பாதைப் பக்கம்தான் திரும்பிப் பார்த்தேன்.

மறுநாள் காலை அம்மா புகையிலையை எடுத்து வாய்க்காலில் எறிந்தாள். அதனால் எனக்கு ஒரு சங்கடம் வந்தது. வாசனை இல்லாமல் அவள் வருவது எனக்குத் தெரியவில்லை. திடீர் திடீரென்று பின்னால் வந்து நின்றாள், வேறு யாரோ ஒரு பெண் வீட்டுக்குள் வந்துவிட்டதைப் போல. சிலேட்டை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றபோது அந்த வேறு பெண் என் தலையில் கை வைத்தாள். உதடு இரண்டு மூன்று முறை கூடிப் பிரிந்தது.

"போய்ட்டு... வா. வந்துடு. போய்ட்டு வா கண்ணு."

நான் ஒரு வார்த்தை கேட்டேன், மூன்று கிடைத்தது. பள்ளிக்கூடம் வரைக்கும் ஓடிக்கொண்டே போனேன். அன்றைக்கு எனக்கு எந்த வண்டியிடமும் பயம் இல்லை.

ஒரே நாளில் நாக்கு மாறிவிடும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பழக்கம் லேசில் போகாது. "போய்த் தொல..." என்று பாதி வந்துவிடும், அப்படியே நிறுத்தி, வாயை இரண்டு விரலால் தட்டிக்கொண்டு, "தொல... தொலவா போவாத, சீக்கிரம் வா" என்று முடிப்பாள். காலனிப் பிள்ளைகள் அதைச் சொல்லிச் சொல்லி விளையாடினார்கள். செங்கேணி சும்மா இருப்பாளா? "இன்னா முனியம்மா, யேசு உன் வாய்க்கு பூட்டு போட்டுட்டாரா?" என்று குழாயடியில் எல்லோருக்கும் முன்னால் கேட்டாள். அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "பூட்டு நானே போட்டுக்கினு கெடந்தேன்டி. அவுரு தொறந்து வுட்டாரு" என்றாள்.

ஆனால் காலனியின் கணக்கு வேறு மாதிரி ஓடியது. கெட்டது பலிக்கிற நாக்கு நல்லது சொன்னால் அதுவும் பலிக்கத்தானே வேண்டும்? முதலில் பரீட்சைக்குப் போகிற ஒரு பிள்ளை வந்து நின்றது. அப்புறம் பட்டணத்துக்கு வேலை தேடிப் போகிறவர்கள் வந்தார்கள். "ஒரு வார்த்த சொல்லு முனியம்மா" என்று கேட்டு, 'போய்ட்டு வா' என்று வாங்கிக்கொண்டு போவார்கள். பிள்ளைகளை மறைத்த அதே முந்தானைகள் இப்போது எங்கள் வாசலில் காத்திருந்தன. அம்மா சொல்வாள், ஆனால் சொல்லிவிட்டு அவர்கள் திரும்பி வருகிற வரைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது. எனக்குத் தெரியும், அவளும் மனசுக்குள் அந்தக் கருநாக்கை நம்பிக்கொண்டுதான் இருந்தாள்.

செங்கேணியின் மகள் வள்ளியம்மாவுக்குப் பிரசவம் சிக்கலாகி, மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். வண்டி எங்கள் வாசலில் நின்றது. செங்கேணி இறங்கி ஓடி வந்து அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நான் சொன்னத எல்லாம் மறந்துடு. எம்பொண்ணுக்கு ஒரு வார்த்த சொல்லு. உன் நாக்கு பலிக்கும்டி." அம்மா வண்டிக்குள் எட்டி, வள்ளியம்மாவின் வியர்த்த நெற்றியைத் துடைத்து, "பயப்படாத கண்ணு. போய்ட்டு ரெண்டு பேரா வா" என்றாள்.

வள்ளியம்மா ஒருத்தியாகத்தான் வந்தாள். குழந்தை இல்லை.

சேதி வந்ததும் அம்மா மூலையில் போய்ச் சுருண்டுகொண்டாள். ஜெப வீட்டுக்கும் போகவில்லை. "பாத்தியா, என் நாக்கு கெட்டதுக்குதான் ஆவும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். மறுபடியும் பேச்சு நின்றுவிடப்போகிறது, மறுபடியும் நான் வாசலில் நின்று அழப்போகிறேன் என்று பயந்தேன்.

பச்சை உடம்போடு, காதில் துணியைச் சுற்றிக்கொண்டு வள்ளியம்மாவே வந்தாள். அம்மாவுக்குப் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தாள். "பெரிம்மா, ஆஸ்பத்திரில எல்லாரும் கைய வுட்டுட்டாங்க. நீ வான்னு சொன்னது மட்டும் காதுல கேட்டுக்கினே இருந்திச்சி. அத்த புடிச்சிக்கினுதான் நான் வந்தேன்" என்றாள்.

அம்மா சுவரிலிருந்து திரும்பினாள். அன்றோடு அம்மா கருநாக்கை நம்புவதை விட்டாள் என்று நினைக்கிறேன். பிறகு யாராவது 'உன் நாக்கு பலிக்கும்' என்று வந்தால் திருத்துவாள்: "பலிக்கிறது அவுரு கைல இருக்குது. புடிச்சிக்கினு நடக்கறதுக்கு நான் ஒரு வார்த்த குடுக்கறேன், அவ்ளோதான்." அதற்கப்புறம் அவள் வாயிலிருந்து வந்த நல்ல வார்த்தைகளில் பயம் இல்லை. தாராளமாகக் கொடுத்தாள். முதல் முதலாகக் கம்பெனிகள் வந்து எங்கள் ஆட்கள் ஷிப்டுக்குக் கிளம்பியபோது, இயந்திரத்துக்குப் பயந்த பிள்ளைகளை எல்லாம் அவள்தான் முதுகில் தட்டி அனுப்பினாள்.

நைனா சூளைப் புகையில் நுரையீரல் போய் இறந்தபோது ஒன்று நடந்தது. சாவு வீட்டில் யாரும் 'வரேன்' என்று சொல்லக் கூடாது, யாரையும் 'வா' என்று கூப்பிடக் கூடாது. சொல்லாமல் எழுந்து போவதுதான் எங்கள் வழக்கம். சவப்பெட்டியைத் தூக்கினார்கள். அம்மா அதன் மேல் கையை வைத்து, எனக்குப் பள்ளிக்கூடத்துக்குச் சொன்ன அதே குரலில், "போய்ட்டு வாய்யா" என்றாள்.

தூக்கினவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். செங்கேணி வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யய்யோ, இன்னாடி சொல்ற! சாவு ஊட்ல வான்னு கூப்புடுவாங்களா? உன் வாய்க்கு அந்த ஆளு நெஜமாவே வந்து நின்னுடப் போறாரு!"

"வரட்டும்டி. எல்லாரும் ஏந்து வர்ற நாள் ஒண்ணு இருக்குதுன்னு நம்பிதான ஜெப வீட்ல முழுக்கு எடுத்தேன்? அன்னிக்கி அவுரும் வருவாரு, போனவங்க எல்லாரும் வருவாங்க" என்றாள் அம்மா. 'போனவங்க எல்லாரும்' என்று சொல்லும்போது அவள் கண் பெட்டியைப் பார்க்கவில்லை.

அம்மாவும் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. கடைசியில் பேச்சுக் குழறியபோது என்னைக் கிட்டே கூப்பிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவ வந்தா வான்னு சொல்லு. எங்க போனன்னு கேக்காத." அவளைத் தூக்கும்போது நானும் கையை வைத்துச் சொன்னேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.

இப்போது அந்த வயல் இல்லை. அக்கா நடந்த வரப்பின் மேல் கம்பெனிச் சுவர் நிற்கிறது. வாய்க்காலில் கறுப்புத் தண்ணீர் ஓடுகிறது. ஜெப வீட்டுக்குக் கான்கிரீட் கூரை போட்டு, மைக் வைத்து, 'வாரும்' என்று கூப்பிடுவது ரயிலுக்கே கேட்கும்படி ஆகிவிட்டது. புகையிலை வாடை எந்த வீட்டிலும் இல்லை. ரயில் பாதை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கம்பெனி பஸ் பாதைக்கு அந்தப் பக்கம்தான் நிற்கும் என்பதால், காலை ஷிப்டுக்குப் போகிற பெண்கள் எல்லோரும் என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். பாதிப் பேர் வடக்கத்திப் பெண்கள், தங்கள் அம்மாவைப் பார்த்து வருஷக்கணக்கானவர்கள். என் வாயும் அம்மாவின் வாய்தான், இனிப்பு குறைவு. ஆனாலும் ஒவ்வொருத்தியையும் நிறுத்தி, முகத்தைப் பார்த்து, 'போய்ட்டு வா' என்று சொல்லாமல் அனுப்புவதில்லை. அவர்களுக்குப் பாஷை தெரியாவிட்டாலும் இது புரிகிறது.

போன வாரம் ஒரிசாவிலிருந்து வந்த மினு என்கிற பெண், நீளமாகப் பின்னல் போட்டவள், புதிதாகக் கற்ற தமிழைக் காட்டுவதற்காக, "போறேன் ஆயா!" என்று கையை ஆட்டிக்கொண்டு ஓடினாள்.

"நில்லுடி! அப்டி சொல்லக் கூடாது. போய்ட்டு வரேன்னு சொல்லு."

"ரெண்டும் ஒண்ணுதானே ஆயா?"

"ஒண்ணு இல்ல."

என் முகத்தில் என்ன பார்த்தாளோ, சிரிப்பை விட்டுவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக, "போய்ட்டு வரே" என்றாள். "போய்ட்டு வா கண்ணு" என்றேன். அவள் பாதையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினாள். அதற்குள் கூட்ஸ் வண்டி ஒன்று வந்து எங்களுக்கு நடுவில் ஓடத் தொடங்கியது. பெட்டி பெட்டியாக ஓடியது. நான் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். கடைசிப் பெட்டி போனதும் மினு அந்தப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு. என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டு பஸ்ஸில் ஏறினாள்.

பஸ் போய்விட்டது. நான் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன், அவளுக்குப் பின்னால் வயதான ஒருத்தி பாதையைத் தாண்டி வருகிறாளா என்று பார்த்துக்கொண்டு. எங்கே போனாய் என்று நான் கேட்க மாட்டேன்.